கேட்

கப்பலூர் சிட்கோவில் எங்கள் ஷெட்டுக்கு
ஆடி மாதம் ஒரு கடிகாரம் வந்தது.
அதைக் கையில் பிடித்திருந்தவர் பெயர் நவநீதன்.
ரப்பர் வாஷரின் பிசிறை நாங்கள் நறுக்குவதை
மூன்று நாள் பின்னால் நின்று பார்த்தார்.
எடுக்க இரண்டு நொடி, திருப்ப ஒன்று,
நறுக்க நாலு,
தட்டில் போட்டுவிட்டு முடியை ஒதுக்க ஒன்றரை.
ஒச்சம்மாவின் இருமலைக்கூட எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள்
தட்டை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார்.
அவ்வளவுதான். நகர்த்தினோம்.
சாயங்காலம் தோள்பட்டை வலிக்கவில்லை.
பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடித்திருந்தது.
பதினாறு வருஷமாய்
அந்தத் தட்டு வலப்பக்கம் இருந்ததற்கு ஒரே காரணம்
முதல் நாள் யாரோ அங்கே வைத்ததுதான்.

அடுத்த மாதம் டார்கெட்டில் இருநூறு வாஷர் ஏறியது.
மிச்சம் பிடித்த நேரம்
யார் கணக்கில் வரவு என்று ஒச்சம்மா கேட்டாள்.
இருமிக்கொண்டே கேட்டதால்
சூப்பர்வைசர் காதில் விழவில்லை.

நான் வீட்டுக்கு ஒரு நோட்டு வாங்கினேன்,
நாற்பது பக்கம், கோடு போட்டது.
5.05 மோட்டார் போட்டுவிட்டுச் சும்மா நின்றது: ஆறு.
6.10 வர்த்தினியின் ஒற்றை சாக்ஸ்: எட்டு.
7.00 கருத்தபாண்டியின் வண்டிச் சாவி: பதினொன்று.
அவர் தேடவில்லை,
கட்டிலில் இருந்தபடி தேடச் சொன்னார்.

சாவிக்கு நிலைப்படியில் ஓர் ஆணி அடித்தேன்.
சாக்ஸெல்லாம் ஒரே நிறத்தில் வாங்கினேன்.
மோட்டார் ஓடும்போது வெங்காயம் உரித்தேன்.
இருபத்து மூன்று நிமிடம் கையில் நின்றது.
நோட்டில் அதை வட்டம் போட்டபோது
நகைச்சீட்டில் முதல் தவணை கட்டிய மாதிரி இருந்தது.

மறுநாளே அந்த இருபத்து மூன்றுக்குள்
மாமியாரின் மாத்திரைச் சீட்டு வந்தது,
வர்த்தினியின் சார்ட் பேப்பர் வந்தது,
'சும்மாதானே இருக்க' என்றபடி
ஒரு கட்டு முருங்கைக்கீரை வந்தது.
காலி இடம் கண்டால் சாமான் ஏறி உட்காரும்.
வீட்டுப் பரணுக்குத் தெரிந்த விஷயம்
எனக்குத் தெரிய நாற்பது பக்கம் ஆனது.

ஒரு வரி மட்டும் மாறவே இல்லை.
7.52 ரயில்வே கேட்: ஒன்பது.
சரக்கு வண்டி வந்தால் பன்னிரண்டு.
முதலில் அங்கேயும் விடவில்லை நான்.
கேஸ் புக் செய்தேன்,
சீட்டுக்காரிக்கு மிஸ்டு கால் கொடுத்தேன்,
ஹேண்டில்பாரில் வைத்து மளிகைப் பட்டியல் எழுதினேன்.

ஒரு புதன்கிழமை போனில் சார்ஜ் இல்லை.
சரக்குப் பெட்டிகளை முப்பத்தொன்று வரை எண்ணினேன்,
பிறகு எண்ணவில்லை.
எல்லோரும் எஞ்சினை அணைத்திருந்தார்கள்.
பக்கத்தில் ஒரு மொபெட்,
பின்னால் எட்டு அடுக்கு முட்டைத் தட்டு.
ஓட்டி வந்தவர்
ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.
ஒரு முட்டைகூட அசையவில்லை.
கேட் தூக்கியதும்
முதுகில் அத்தனை ஹாரனும் ஒன்றாய் விழுந்தது.
'அண்ணே' என்று அவர் கண்ணாடியைத் தட்டினேன்.
'கேட் தூக்கியாச்சு.'
விழித்தார். சிரித்தார். முகம் கழுவினவர் மாதிரி இருந்தார்.

அன்று ராத்திரி 7.52க்கு நேரே
'வீண்' என்று எழுதி அடித்தேன்.
'ஓய்வு' என்று எழுதியதும் பொருந்தவில்லை.
கோட்டை அப்படியே விட்டுவிட்டேன்.
இப்போதெல்லாம் போனைப் பையில் அடியில் போடுகிறேன்,
சாப்பாட்டுத் தூக்குக்கும் கீழே.

மேம்பாலம் வரப்போகிறதாம்.
தூணுக்குக் குழி தோண்டிவிட்டார்கள்.
தினம் ஒன்பது நிமிடம் மிச்சம் என்று
டீக்கடையில் எல்லோருக்கும் சந்தோஷம்.
யார் கணக்கில் என்று
ஒச்சம்மா இருந்தால் கேட்டிருப்பாள்.
பாலம் முடிய இரண்டு வருஷமாகும் என்கிறார்கள்.
அதற்குள் நான்
வேறொரு கேட் பார்த்துவைக்க வேண்டும்.